வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டிஸ்க் செத்துப்போச்சாம்!

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் கேபினெட்டை நகர்த்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். விஜயதசமி காலையில் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போனேன். ஹார்ட் டிஸ்க் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. என் பொண்ணு பிறந்த நாளிலிருந்து எடுத்த அத்தனை போட்டோவும் அதில்தான் இருக்கிறது. வயிற்றைப் பிசைந்தது.

ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் ஆன் செய்தார், அதே வரி வந்தது. பக்கத்துத் தகட்டைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார், வாயால் தூசியை ஊதினார். அவ்வளவுதான் சோதனை! "டிஸ்க் போயிடுச்சு சார், புது எஸ்எஸ்டி போட்டுக்கலாம்." எஸ்எஸ்டி என்றால் மோட்டார் இல்லாத புது ரக டிஸ்க். சரி, போட்டோ? "ரெகவரிக்கு அனுப்பணும் சார், இருபதாயிரம் வரை ஆகும். கேரண்டி கிடையாது."

எட்டிப் பார்த்தே மரணச் சான்றிதழா? பூட் செய்ய, அதாவது விண்டோஸைக் கிளப்ப, எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். டிஸ்க் செத்துவிட்டது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?

வீட்டுக்குத் தூக்கி வந்து, ஆன் செய்து, டிஸ்க் மேல் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய அதிர்வு. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. பழுதான டிஸ்க்கில் வரும் டக் டக் என்ற சத்தமும் இல்லை. அப்படியென்றால் பவர் வருகிறது, டேட்டாதான் போகவில்லை. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்தேன். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்கு டேட்டா கொண்டுபோகும் விரல் அகலச் சிவப்பு சாட்டா வயர், பூட்டிக்கொள்ளும் கிளிப் இல்லாத பழைய ரகம், மதர்போர்டு பக்கம் ஒரு நூல் அளவு சாய்ந்து நின்றது. நாங்கள் கேபினெட்டை நகர்த்தியதில் நழுவியிருக்கிறது. கழற்றி நேராகச் செருகினேன். விண்டோஸ் வந்தது. போட்டோ எல்லாம் அப்படியே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயரை மாற்றிப் பார்க்க வேண்டும், வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. கடையில் இதைச் செய்யாமல் வேறு எங்கே செய்வார்கள்? நான் கையை வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். அந்தப் பேச்சை நம்பி, நல்ல டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ! நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

அந்தத் தகட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ உண்டு. திரும்பி வந்தது ஒன்றுதான். இப்போது ஃபேன் சுற்றும்போதெல்லாம் தகடு கிடுகிடுவென்று ஆடுகிறது. அந்த ஸ்க்ரூவைக் கூடவா ஒழுங்காக மாட்டித் தர முடியாது?