பஞ்சைத் தண்ணீரில் கரைத்து நானோ இழை எடுக்க முடியாது

“பஞ்சைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் கொடுத்தால் வீட்டிலேயே நானோ இழை முகக்கவசம் செய்யலாம், தூக்கிப்போட்டால் உடனே மக்கிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நானோ இழை என்றால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. இந்தச் செய்தி தவறு. செய்து பார்த்தால் ஆபத்தும்கூட.

பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள்தான். அது தண்ணீரில் கரையுமென்றால் வேட்டியைத் துவைக்கவே முடியாது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சூடாக்கினாலும் உருகாது, கருகும்.

அதனால் ஆய்வகங்களில் பெரும்பாலும் அதை வேதிமுறையில் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளாக மாற்றி, அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைக்கிறார்கள். ஊசிமுனையில் நிற்கும் சொட்டுக்கு 10,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால், அது கூம்பாக நீண்டு மெல்லிய இழையாகப் பாயும். போகிற வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிடும். அப்புறம் காரக் கரைசலில் ஊறவைத்தால் இழை மறுபடி செல்லுலோஸாகும். ஆன்டன் ஃபார்மால்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர் 1934-லேயே செல்லுலோஸ் அசிடேட் இழைக்கு இம்முறையில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

உடனே மக்குமா? இழையை மறுபடி செல்லுலோஸாக மாற்றாமல் அசிடேட்டாகவே விட்டால் மக்காது. சிகரெட் வடிகட்டியும் செல்லுலோஸ் அசிடேட்தான். அது மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கிறது.

அசிட்டோன் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே உயர் அழுத்த மின்சாரம் வேறு. தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி வந்திருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.