வன்னிச் சனத்துக்கு விசுவாசம் குறைவா?

"உண்மையான விசுவாசம் இருந்திருந்தால் வன்னிச் சனத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது" என்று, இறுதிப் போரில் சனம் பட்ட துன்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது தவறு அண்ணா. வேதத்தில் அப்படி இல்லை. தன் உடலில் முள்ளாய்த் தைத்த துன்பம் நீங்க அப்போஸ்தலர் பவுல் மூன்று தரம் மன்றாடினார். நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் போர் முடிந்த 2009 மே 18 அன்று முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடவே போனார், இன்றுவரை திரும்பவில்லை. அவருக்கா விசுவாசம் குறைவு?

அதற்காகத் துன்பத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை. விசுவாசம் தெரிவது, நட்டம் வந்தாலும் செய்த பிழையைத் திருத்துவதில். இயேசு வீட்டுக்கு வந்த அன்று, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக வரி வசூலித்த சக்கேயு சொன்னான். எங்கள் ஊரில் அது, மீள்குடியேறியபோது பக்கத்துக் காணிக்குள் தள்ளிப் போட்ட வேலியைப் பிடுங்கி, பழைய எல்லையிலேயே கதியால் (வேலித்தடி) நடுவது. காணி சுருங்கும், சொந்தக்காரர் ஏசுவார்கள். ஏசட்டும்.