மழைன்னா சந்தோஷப்படணும்ல?

"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று எங்கள் வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறு திரும்பியது 2021 நவம்பரில். பாலாறு கரைபுரண்டது. மோர்தானா அணை வழிந்து குடியாத்தத்தில் கௌண்டன்ய ஆறும் பொங்கியது. ஜனங்கள் பாலத்தில் நின்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு ராத்திரிதான் ஆற்றோரம் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது.

முழங்கால் வரை ஏறிவிட்டது. கதவு உள்பக்கம் திறக்காமல் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது. நான் தள்ளத் தள்ள அது அசையவில்லை. பின்னால் அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து ஓடு பிரித்து எங்களை மேலே தூக்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதனால்தான் அடுத்த மழைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. சிமென்ட் ஷீட்டில் முதல் சொட்டு விழுந்ததும் கை சில்லிட்டுப் போகும். தாடை இறுகும். தோள் காதுவரை ஏறி நிற்கும். ஈசிஜி எடுத்தோம், தைராய்டு பார்த்தோம், எல்லாம் நார்மல். ஒரு கிளினிக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, "மறந்துடுங்கம்மா" என்றார்கள். மழைக்கு ஏங்குகிற ஊரில் மழைக்குப் பயப்படுகிறேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள்: "இன்னா ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு." சொன்னேன். இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லி முடித்த ஒவ்வொரு முறையும் அன்று ராத்திரி தூக்கம் போனது. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நாம் நம்புகிறோம். எல்லாத் துக்கத்துக்கும் அது பொருந்தாது. உடம்பு தயாராகும் முன் வாயைத் திறக்க வைப்பது ஆறாத புண்ணைக் கிளறுகிற மாதிரி. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

மந்திரிக்கவும் போனோம். அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். அந்தப் பாட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

பிறகு ஒரு தோழி ஒரு மனநலக் கவுன்சிலரிடம் அழைத்துப் போனாள். என்ன நடந்தது என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. "செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க. பாதம் தரையில படுதா? தரை எப்படி இருக்கு?" என்றார். மொசைக் தரை குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லவில்லை. மூடினால் எனக்குத் தண்ணீர்தான் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்க்கச் சொன்னார். மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் கொஞ்சம் நீளட்டும் என்றார். அப்படி விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது என்று பிறகுதான் விளக்கினார். மழைச் சத்தத்தைப் பற்றி ஒரு சிட்டிகை பேசுவோம், உடனே தரைக்குத் திரும்புவோம். "போதும்னு நீங்க சொன்னா அங்கேயே நிறுத்திடலாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். நான் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் நிறுத்தவும் செய்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை. கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கைகள் தானாக விரிவதை அவர் கவனித்துவிட்டார். "அந்தக் கை என்ன செய்யணும்னு பார்க்குது?" என்றார். எழுந்து போய்ச் சுவரைத் தள்ளினேன். வேகமாக இல்லை, மெதுவாக, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து. கை நடுங்கியது. தோளிலிருந்து விரல் நுனி வரை சூடு பரவியது. பிறகு கொட்டாவி, கொட்டாவியாக வந்தது. வீட்டுக்கு வந்து மத்தியானமே தூங்கிப்போனேன்.

ஆபத்தில் முடிக்க முடியாமல் போன அசைவு உடம்பில் தங்கிவிடுகிறது என்பது பீட்டர் லெவின் என்கிற அமெரிக்க உளவியலாளரின் கருத்து. எனக்குச் செய்த மாதிரியான உடல்வழிச் சிகிச்சைக்கான ஆய்வுகள் இன்னும் குறைவுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி என்கிற பேச்சுவழிச் சிகிச்சையும் கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆரும். அதே வழிகாட்டுதல், சம்பவம் நடந்த முதல் மாதத்தில் தூக்கம் வரவில்லை என்பதற்காக பென்சோடயசெபைன் வகை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. (ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.) இரண்டு நாள் முகாமில் கத்த வைத்து, அழ வைத்து, வேக வேகமாக மூச்சு விட வைத்து "எல்லாம் வெளியே போயிடுச்சு" என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். உங்களைக் கேட்காமல் தொடுபவர்களிடமும்.

நம் ஊர் பாகாயத்தில் இருக்கிற சிஎம்சி மனநல மையம் 1957-லிருந்து நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிற வழக்கம் அங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு. கூட ஒருத்தர் உட்கார்ந்திருப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி என்பதை இந்த ஊர் எப்போதோ செய்து காட்டிவிட்டது. கிளம்பிப் போக முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இத்தனையும் எனக்கு நடந்தது. அம்மாவை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. எழுந்து பார்த்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து என் முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்கச் சொன்னேன். நானும் வைத்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"தரை சில்லுன்னு கீதும்மா" என்றார்.