மனச்சிதைவில் ஆள் மாறுவதில்லை

மனச்சிதைவு நோய் உள்ளவருக்குள் இரண்டு ஆட்கள் மாறி மாறி வருவார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள். பணிவாக ஒரு திருத்தம்: அது பல ஆளுமைக் கோளாறு என்ற வேறு நோய். மனச்சிதைவில் பலருக்கு, யாருமில்லாத அறையில் தன்னைப் பற்றிப் பேசும் குரல் கேட்கும். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படுவதுகூடத் தனக்கான சைகை என்று தோன்றும். மனச்சிதைவின் ஆங்கிலப் பெயரான ஸ்கிசோஃப்ரினியாவின் கிரேக்க வேர்கள் 'பிளவு', 'மனம்' என்பவை. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம் (சினிமாவின் பங்கு தனிக்கதை). 1908இல் அப்பெயரை முன்வைத்த மருத்துவர் ஆய்கன் ப்ளூலர் குறித்தது, எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான இணைப்பு அறுபடுவதை. இரண்டு ஆட்களை அல்ல. சரிபார்ப்பது எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூல், 11ஆம் பதிப்பு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மனநோய் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்: இந்த இரண்டு நோய்களும் தனித்தனிப் பிரிவுகளில் இருக்கின்றன.