ஐந்துக்கு எவ்வளவு?

டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் வரும். பொங்கலுக்குள் அது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். "ஐந்துக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிப்பார்கள். ஜிபிஏ எனும் சராசரித் தரப்புள்ளி பெரும்பாலும் ஐந்து புள்ளிக்குக் கணக்கிடப்படுகிறது என்பது சிங்கப்பூரின் தேக்காவில் வாழை இலை வாங்க வரும் பாட்டிக்கும் இப்போது தெரியும். நான்கு சொச்சம் என்றால் தட்டில் இன்னொரு வடை விழும். மூன்று என்றால் பேச்சு வீட்டு விலைக்குத் தாவிவிடும்.

முதலாண்டுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்கக் கூடாது என்பது என் கட்சி. பெற்றோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014இலேயே முதல் பருவத்துக்கு ஒரு சலுகை கொண்டுவந்தது. எதிர்பார்த்த தரம் வராத பாடத்தை, குறைந்தபட்சத் தேர்ச்சி இருந்தால், ஒட்டுமொத்தப் புள்ளியில் சேர்க்காமல் விட்டுவிடலாம். புது இடத்தில் பிள்ளை காலூன்ற அவகாசம் வேண்டும் என்பதே நோக்கம். பல்கலைக்கழகமே கணக்கில் எடுக்காத எண்ணைச் சித்தப்பா மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

அந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் முதல் சில பேரில் ஒருவராக இருந்தவர்களை எல்லாம் ஒரே விரிவுரைக் கூடத்தில் உட்காரவைக்கிறார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? பல பாடங்களில் இன்னமும் பெல் கர்வ் முறை இருக்கிறது. எழுபது வாங்கினால் நல்லதா கெட்டதா என்பதை மற்றவர்கள் வாங்கியதை வைத்துத்தான் சொல்ல முடியும். இத்தனை வருடம் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்பதையே தன் அடையாளமாக வைத்திருந்த ஒருவருக்கு இது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை.

பையன்களின் பாடு இன்னும் வேறு. இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்து வருகிறார்கள். துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரியும், நுண்கணிதம் மறந்திருக்கும். பக்கத்து இருக்கையில் படிப்பு விட்டுப்போகாமல் நேரே வந்த, தன்னைவிட இளையவளான பெண் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கோ சுமை இரட்டை. கல்விக் கட்டண மானியம் வாங்கிய வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு இங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா ஊரில் வாங்கிய கடன் தனி. வீடியோ அழைப்பில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வதைத் தவிர அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்?

நான் துணைப்பாட ஆசிரியை. என்னிடம் தமிழ் படித்த ஒரு பையன் தீவின் வடகிழக்கில் உள்ள பொங்கோலிலிருந்து மேற்கு மூலைக்குப் போய்ப் படித்தான். தினமும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்புவான். பாதிப் பருவத்துக்கு மேல் அவன் வகுப்புக்கே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கி, நூலகம் திறக்கும்வரை வெளியே உட்கார்ந்திருப்பான். மதியம் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பொது வாஷ்பேசினில் டப்பாவைக் கழுவி, மாலையில் வீடு திரும்புவான். அவன் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "டீச்சர், சாப்பாட்டு டப்பா தினமும் காலியாத்தான் வந்தது. அதனால எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் நலம் விசாரிப்பதே சோற்றை வைத்துத்தான்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 முதல் 29 வயதினரில் 25.3 விழுக்காட்டினரின் மனநலம் குன்றியிருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் அது 17 விழுக்காடு. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று உடனே ஒரு பெரியவர் எழுதுவார். ஐயா, வேண்டாம்.

நம் சமூகத்தைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில்தான் 1991இல் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் உருவானது. துணைப்பாட வகுப்பு, உதவித்தொகை, விருது விழா என்று ஊர் கூடித் தேர் இழுத்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவந்தோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வாசலுக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதை நம் மேடைகளில் பேசிக் கேட்டதே இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று மாலை போட்ட பிள்ளை எந்த வாயால் "என்னால் முடியவில்லை" என்று சொல்லும்?

சொன்னாலும் அடுத்த பயம் தயாராக இருக்கிறது: ஆலோசகரிடம் போனால் பதிவாகிவிடும், வேலை கிடைக்காது. இது பழைய கதை. வேலை விண்ணப்பத்தில் மனநல விவரம் கேட்பது பாகுபாடு என்று 2020இல் வேலைவாய்ப்பு வழிகாட்டி நெறிமுறைகள் திருத்தப்பட்டன. மனநலக் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தற்கொலை முயற்சியும் 2020 ஜனவரியிலிருந்து குற்றமில்லை. போலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது கல்யாணச் சந்தை. "நாளைக்குப் பொண்ணு வீட்டுல தெரிஞ்சா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதவரை, ஆலோசகர் அறையில் பேசியது வெளியே வராது. கோயில் மண்டபத்தில் காதைக் கடித்துப் பரப்புவது யார் என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல்கலைக்கழகங்களிலேயே மாணவர்களுக்கு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயங்குபவர்களுக்கு, மனநலக் கழகத்தின் கீழ் இயங்கும் 'சேட்' 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்குக் கட்டணமில்லாமல் மனநல மதிப்பீடு செய்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பும் பெரியப்பாக்கள் ஒருநாள் இந்த எண்களையும் அனுப்பலாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767. தேசிய மனநல உதவி எண்: 1771. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். அனுப்பிவிட்டு, யாருக்குத் தேவைப்படுகிறது என்று மட்டும் குழுவில் கேட்டுவிடாதீர்கள்.