சிறுநீரைப் பாதியில் அடக்குவது பயிற்சி அல்ல

"மாதவிடாய் நின்ற பெண்கள் தினமும் சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் போனால் அடித்தசை வலுவாகும், பிறப்புறுப்பு வறட்சியும் தீரும்" என்று தருமபுரி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அடித்தசை என்பது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தசை. அது எது என்று அடையாளம் காண ஓரிரு முறை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதையே வழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தேங்கும் சிறுநீரில் கிருமித் தொற்று வர வழியுண்டு.

சரியான முறை: சிறுநீர் கழித்துவிட்டு முழங்காலை மடக்கிப் படுங்கள். வாயுவையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி முழுதாகத் தளர்த்துங்கள். மெல்ல மெல்ல பத்து நொடிக்குக் கொண்டு போகலாம். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்காதீர்கள். பலரும் செய்யும் பிழை, மலம் கழிப்பதுபோல் கீழே முக்குவது. அது தசையை மேலும் தளர்த்தும். பிட்டமும் தொடையும் இறுகினாலும் தவறான தசைதான் வேலை செய்கிறது. தண்ணீர்க் குடமோ மாங்கூடையோ தூக்கும்முன், இருமும்முன், ஒரு முறை இறுக்கிக்கொண்டால் சிறுநீர்க் கசிவு குறையும்.

வறட்சி வேறு கதை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வருவது அது. பயிற்சி மட்டும் போதாது. ஈரப்பதக் களிம்போ, மருத்துவர் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ உதவும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் நோய்ப் பிரிவில் கூச்சப்படாமல் கேளுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் போங்கள்.