பிக்கப் சாகவில்லை, வயர்தான் மாறியிருக்கிறது

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசு ஆறவில்லை. அந்தத் தம்பியின் டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிடார் விஷயம்தான். கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதில் இரண்டு பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் காயிலும்: கழுத்துப் பக்கம் நெக், தந்தி முடிகிற பக்கம் பிரிட்ஜ். நெக் பிக்கப்பை மட்டும் வேறு கம்பெனியுடையதாக மாற்றினான், இரண்டும் சேர்ந்து ஒலிக்க ஸ்விட்சை நடுவில் வைத்தால் சத்தம் தகர டப்பா மாதிரி ஆனது, உடனே கடையில் "பிரிட்ஜ் பிக்கப் செத்துப்போச்சு, அதையும் மாத்திடு" என்று ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

செத்த பிக்கப் தனியாகப் போட்டால் எப்படிப் பாடும்? அது பாடியது. நெக்கும் தனியாக நன்றாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் பேஸ் காணாமல் போய், மூக்கடைத்தவன் பேசுவது போல் மெலிந்து கேட்டால் அதற்குப் பெயர் அவுட் ஆஃப் ஃபேஸ். ஒரே தந்தியின் அதிர்வுக்கு ஒரு பிக்கப் மேலே தள்ளும் நேரத்தில் இன்னொன்று கீழே இழுக்கிறது, ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. கனமான ஒலிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருவதால் அவைதான் அதிகம் அழிகின்றன, கீச்சு மட்டும் மிஞ்சுகிறது. காயில் சுற்றிய திசையோ, காந்த முனையோ, இரண்டில் ஏதோ ஒன்று மட்டும் எதிராக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுமே எதிராக இருந்தால் சத்தமும் முழுசாக வரும், இரைச்சலும் அடங்கும். வெவ்வேறு கம்பெனி பிக்கப்பைக் கலந்தால் இது அடிக்கடி நடக்கிற விஷயம். வயரைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். பிக்கப் சாகவில்லை.

சந்தேகமா? மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். கிடாரைக்கூடத் திறக்க வேண்டாம், கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் அளக்கலாம், வால்யூம் மட்டும் முழுசாக இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரை பிக்கப்பின் முனை மேல் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். ஒரு பிக்கப்பில் எண் ஏறி, இன்னொன்றில் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒருவனிடம் ஒன்பதாயிரம் ரூபாய் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருக்கும். பிரிட்ஜையும் மாற்றிய பிறகு இரண்டும் ஒரே கம்பெனியின் ஜோடி, ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி செய்தது. சிக்னல் வயரையும் எர்த் வயரையும் இடம் மாற்றியிருந்தாலும் இதே பலன்தான்.

"டெலிகாஸ்டரில் அவ்வளவு சுலபம் இல்லை" என்பவர்களுக்கு: உண்மை, ஒத்துக்கொள்கிறேன். நெக் பிக்கப்பின் உலோக மூடி எர்த்தோடு இணைந்திருக்கும். அப்படியே வயரைத் திருப்பினால் மூடி சிக்னலோடு சேர்ந்துவிடும், கை பட்டாலே இரையும். அந்தச் சின்ன இணைப்பை வெட்டி, மூடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் வைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பின்னல் உறை போட்ட ஒற்றை வயர் ஹம்பக்கர் (இரண்டு காயில் கொண்ட பிக்கப்) என்றால் வயரைத் தொடவே வேண்டாம், அடித்தகட்டைத் தளர்த்திக் காந்தப் பட்டையை உருவிப் புரட்டிப் போட்டால் போதும். வேலை கொஞ்சம் கூடுகிறது, சரி. ஆனாலும் பிக்கப் சாகவில்லையே!

அப்புறம் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிடார் கலைஞர் பீட்டர் கிரீன். யாராவது ஒருவர் அவரைக் கொண்டுவராமல் இருக்க மாட்டார். அவருடைய 1959 லெஸ் பால் கிடாரில் நெக் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது, நடு ஸ்விட்சில் இதே அவுட் ஆஃப் ஃபேஸ்தான், அந்தக் கிடாரின் குரலுக்கு நானும் அடிமை. குயீன் குழுவின் பிரையன் மே தன் கிடாரில் ஒவ்வொரு பிக்கப்புக்கும், திசையைத் திருப்பிப் போட ஃபேஸ் ஸ்விட்சே வைத்தார். அவர்களுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. இந்தத் தம்பி கேட்டது நடுவில் ஒரு நல்ல, நிறைவான டெலி சத்தம். கேட்காததைக் கொடுத்துவிட்டு அதுதான் அழகு என்று சொல்லாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் முதல் கிடார் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. ஒரு பிக்கப் மாற்றிய பிறகு நடு ஸ்விட்ச் இதே மாதிரி இளைத்தது. சரிபார்க்கக் கொடுத்த இடத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா, "கிடார்ல ஒண்ணும் இல்ல, உன் கை அப்படி." ஆறு மாதம் நான் அந்த ஸ்விட்ச் பக்கமே போகவில்லை, என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் கண்டுபிடித்தது யார்? எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடும் அண்ணன். கிடார் பிடிக்கக்கூடத் தெரியாதவர். ஒரு நிமிஷம் கேட்டார், "ஒரு பாக்ஸ்ல பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்தா இப்படித்தான்டா பேஸ் ஓடிடும், ஒரு வயரைத் திருப்பு" என்றார். அவரே பற்றவைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

"கடைக்காரன் பிழைக்க வேண்டாமா?" பிழைக்கட்டும். வயரைத் திருப்பியதற்கு ஐந்நூறு வாங்கட்டும், ஆயிரம் வாங்கட்டும். நல்ல பொருளைச் செத்ததாகச் சொல்லித்தான் பிழைக்க வேண்டுமா? கற்றுக்கொள்ள வருகிறவன் கேள்வி கேட்டால் அவன் காதையும் கையையும் குறை சொல்வது என்ன பழக்கம்? அந்தச் சொல்லோடு எத்தனை பேர் கிடாரைப் பரண்மேல் போட்டிருப்பார்கள். நானும் போட்டிருப்பேன்.

தம்பி, கழற்றிய பிக்கப்பை இன்னும் வைத்திருந்தால் தூக்கிப் போடாதே. வரும் ஞாயிறு கிடாரோடு அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. மீட்டர் என்னிடம் இருக்கிறது, நீயே வைத்துப் பார்.